தாலிக்கு முன் ஒரு கையெழுத்து: தோட்டக் கோயில் செயலவையினருக்குத் திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

குடியுரிமைப் பிரச்சினை என்றால் எல்லாரும் அமைச்சருக்குத்தான் மடல் எழுதுவார்கள். அதற்கு நம்மில் ஆள் பஞ்சமில்லை. தேர்தல் நெருங்கினால் இன்னும் கூடும். நான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் ஊரில் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இல்லாமல் வளரும் பிள்ளைகள் பலருடைய கதை உங்கள் கோயில் மண்டபத்தில்தான் தொடங்குகிறது. குடியுரிமை இல்லாத நிரந்தர வசிப்பாளருக்குரிய சிவப்பு அட்டையோடு காத்திருக்கும் பாட்டிமாருக்கு உதவக்கூடிய காகிதமும் உங்கள் அலமாரியில்தான் கிடக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்கு முன்னால் பேச வேண்டியது உங்களிடம்.

நான் வழக்கறிஞர் இல்லை. பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பாரம் நிரப்பத் தெரியும் என்ற ஒரே தகுதியால் அக்கம்பக்கத்தார் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நிரப்பி நிரப்பி, எந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது என்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் நிற்கிறது: பெற்றோரின் திருமணப் பதிவு எண், விண்ணப்பதாரர் பிறந்த இடத்துக்கான ஆதாரம்.

முதலில் திருமணத்தைப் பேசுவோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலரிடம் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். யாரும் இதில் தங்களைத் தேட வேண்டாம். பையன் லோரி ஓட்டுகிறான், நீல அட்டைக்காரன். பெண் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். அவள் பிறப்பைப் பதியாமலே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், பாட்டிதான் வளர்த்தாள். பெண்ணிடம் எந்த அட்டையும் இல்லை. மாரியம்மன் சன்னிதியில் தாலி ஏறியது, மேளம் கொட்டியது, ஊரே வாழையிலையில் சாப்பிட்டது. அடுத்த வருஷம் அரசாங்க மருத்துவமனையில் பிள்ளை பிறந்தது. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரும் ஏறியது. அப்புறம் யாரும் அந்தப் பத்திரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான், அதில் ‘புக்கான் வார்காநெகாரா’ என்று ஒரு வரி இருப்பதை யாரோ படித்துக் காட்டினார்கள். குடிமகன் இல்லையாம். அப்பன் குடிமகன், தாத்தன் குடிமகன், பிறந்தது பேராக் மாநிலத்தில். பிள்ளை மட்டும் குடிமகன் இல்லை.

இது எப்படி நடந்தது? 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் (164ஆம் சட்டம் என்பார்கள்) 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் அன்று முதல் இந்தச் சட்டப்படி நடந்து பதிவாக வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் சமய முறைப்படியோ குல வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆக, நம் பாட்டன் பாட்டிக்குக் கோயில் தாலி போதுமானதாக இருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போதாது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் தோட்டங்களில் இந்த மாற்றம் இறங்கவில்லை. ஊரறியக் கட்டிய தாலிக்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இன்றும் கேட்கிறார்கள்.

சரி, பதியாத திருமணத்துக்கும் பிள்ளையின் குடியுரிமைக்கும் என்ன தொடர்பு? கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையில், மூன்றாம் பகுதியில், 17ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை, குடியுரிமை விதிகளில் ‘தந்தை’ என்று வருகிற இடத்தில் ‘தாய்’ என்று படிக்க வேண்டும் என்கிறது அது. அப்பா நீல அட்டை வைத்திருப்பது அங்கே கணக்கில் வருவதில்லை. தாய்க்கு என்ன நிலையோ அதுதான் பிள்ளைக்கு. தாய் குடிமகளாக இருந்தால் கவலையில்லை. தாய் இந்தோனேசியாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவளாக இருந்தால், அல்லது இங்கேயே பிறந்தும் பத்திரமில்லாதவளாக இருந்தால், பிள்ளையும் அவளோடு வெளியே நிற்கிறது.

இதைச் சொன்னால், “பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறதே” என்று நீட்டுகிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் மணமாகாத தந்தையின் பெயரையும் பதிய இடம் கொடுக்கிறது. பெயர் ஏறும், அவ்வளவுதான். அந்தப் பெயர் குடியுரிமையைக் கூட்டிக்கொண்டு வராது.

அடுத்து, “பிறகு போய்ப் பதிந்துகொள்ளலாமே” என்பார்கள். பதியத்தான் வேண்டும், அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளையாவது அது காப்பாற்றும். ஏற்கெனவே பிறந்த பிள்ளை விஷயத்தில் அதை நம்பி உட்கார முடியாது. வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், அப்பா மலேசியர், அம்மா அயல்நாட்டவர், பிள்ளை பிறந்து சில மாதம் கழித்துத்தான் பெற்றோர் திருமணத்தைப் பதிந்தார்கள். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தப் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறந்த நேரத்தில் பெற்றோர் மணமானவர்களா என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்த கேள்வி. நாட்டின் உச்ச நீதிபதிகளே ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பிரிந்து நின்ற இடத்தில், லோரி ஓட்டுகிற தகப்பன் தைரியமாக இறங்க முடியுமா?

கல்யாணத்துக்காக எல்லையைத் தாண்டி வந்த மருமகள்களின் நிலையும் இதே முடிச்சில்தான் இருக்கிறது. அவர்களுக்குக் குடிநுழைவுத் துறை தருகிற நீண்டகாலச் சமூக வருகை அனுமதிக்கு அடிப்படையே திருமணச் சான்றிதழ். அந்த அனுமதியில் ஐந்து ஆண்டு இருந்த பிறகுதான் நிரந்தர வசிப்பிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைப் பேச்சே அதற்கும் பிறகு. சான்றிதழ் இல்லாவிட்டால் முதல் படியிலேயே கால் வைக்க முடியாது. விசா முடிந்த பெண்ணாக வீட்டுக்குள் ஒளிந்து வாழ வேண்டியதுதான். வீட்டுக்காரன் கை நீட்டினாலும் காவல் நிலையத்துக்குப் போகப் பயப்படும் பெண்கள் நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இப்போது உங்கள் பங்கு. 164ஆம் சட்டத்தின் 24ஆம் பிரிவைச் செயலாளர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். கோயில் குருக்களையோ ஒரு சங்கத்தின் பொறுப்பாளரையோ திருமணத் துணைப் பதிவாளராக அமைச்சர் நியமிக்கலாம். அப்படி நியமனம் பெற்றவர் இருக்கும் கோயிலில் சடங்கும் பதிவும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் முடிந்துவிடும். நகரத்துப் பெரிய கோயில்கள் சிலவற்றிலும் தேவாலயங்களிலும் இது சாதாரணமாக நடக்கிறது. நம் வட்டாரத்தில் கோயில்கள் நிறைய. பெயர்ப்பலகைகளும் சங்கப் பதிவு எண்களும் அதைவிட நிறைய. இத்தனை கோயிலும் கூடி ஓரிருவருக்காவது இந்த நியமனம் கேட்டு விண்ணப்பிக்கக்கூடாதா?

நியமனம் கிடைக்கும்வரை ஓர் எளிய வழி உண்டு. மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வரும்போதே பெண், மாப்பிள்ளை இருவரின் அடையாள அட்டை நகலையும், ஆர்.ஓ.எம். (அரசாங்கத் திருமணப் பதிவு) செய்துவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். பதிவுக்கு விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அது முடிந்தபின், அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்னாடியே மண்டபம் பேசுகிறவர்களுக்கு இது பெரிய சுமை இல்லை. பந்தல்காரர், கேட்டரிங்காரர், வீடியோக்காரர் என்று அலைகிற அலைச்சலில் இன்னோர் அலைச்சல்.

இதைச் சொன்னால் சில செயலவையினர் நெளிவார்கள், காரணமும் எனக்குத் தெரியும். பதியாத திருமணம் எல்லாமே அறியாமையால் நடப்பதில்லை. முஸ்லிம் அல்லாத ஆண் இரண்டாவது மனைவியைப் பதிய இந்தச் சட்டம் இடம் தருவதில்லை. முதல் மனைவியைச் சட்டப்படி விலக்காதவன் கோயிலுக்கு வந்து இன்னொருத்திக்குத் தாலி கட்டுகிறான். மண்டப வாடகை வாங்கியவருக்கு அவன் யார் என்று தெரியும், பூசாரிக்கும் தெரியும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நமக்கும் தெரியும். ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அந்த இரண்டாம் தாரத்துப் பெண்ணிடம் பத்திரம் இல்லாமல் இருந்துவிட்டால், அவள் பிள்ளையின் வாழ்நாளையே அந்தப் பந்தியில் விற்றிருக்கிறோம். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, அட்டை இல்லாத பெண்ணுக்குக் கோயில் கதவைச் சாத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வருஷம் இதே யோசனையை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து, “ஐசி இல்லாதவள் கல்யாணமே பண்ணக்கூடாதா அக்கா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அடையாளப் பத்திரம் இல்லாதவள் திருமணத்தைப் பதிய முடியாது, பதியாவிட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. வட்டம் அப்படியே சுற்றுகிறது. இங்கே கோயில் செய்ய வேண்டியது மறுப்பதில்லை, கையைப் பிடித்து அழைத்துப் போவது. பெண்ணின் பிறப்பைத் தாமதமாகப் பதிவதற்கான விண்ணப்பத்தைத் தாலிக்கு முன்பே தொடங்கிவிடலாம். பிறப்பை 60 நாளுக்குள் பதியாமல் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. கூடுதல் ஆதாரம் கேட்பார்கள், நாளாகும். ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று பெண் வீட்டாரிடம் சொல்லக்கூடிய குரல் ஊரில் தலைவர் குரல் ஒன்றுதான். நான் சொன்னால், “பாரம் எழுதுகிற அக்கா என்னமோ சொல்கிறாள்” என்று போய்விடுவார்கள்.

இதை இப்போது அவசரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கும் என்ற நல்ல பகுதியை நாளிதழ்களெல்லாம் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான், பல தாய்மார்கள் நீதிமன்றம் ஏறிப் போராடியது அது. ஆனால் அதே திருத்தத்தில் நம் தோட்டத்துக் குடும்பங்களைத் தொடும் ஒரு பகுதி இருக்கிறது. திருத்தத்துக்கு முந்தைய சட்டப்படி, இந்நாட்டில் பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடம் பெற்றவராகவோ இருந்தாலே பிள்ளை சட்டத்தின் இயல்பில் குடிமகன். அதாவது சிவப்பு அட்டை வைத்திருக்கும் தாய், தாலி பதிவாகாமல் இருந்தாலும், தன் பிள்ளையைக் காப்பாற்றினாள். திருத்தம் அந்த ‘நிரந்தர வசிப்பிடம் பெற்றவர்’ என்ற சொற்களை எடுத்துவிடுகிறது. அது நடைமுறையில் இருக்கும் காலத்தில் சிவப்பு அட்டைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் உறுதியான வழி, குடிமகனான தகப்பனோடு பதிவான திருமணம்.

இன்னொன்று. சிறப்புச் சூழ்நிலை என்று சொல்லிப் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும் அரசியலமைப்பின் 15ஏ விதியில் வயது வரம்பு 21 ஆக இருந்தது. திருத்தம் அதை 18 ஆகக் குறைக்கிறது. நம் ஆட்கள் வழக்கமாக எப்போது விழித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால், பிள்ளை இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு மேற்படிப்புக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில். அப்போது 18 ஓடிப் போயிருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் நான் கேட்பது இதற்காகத்தான், வேறொன்றுமில்லை: முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை என்ற வரியை யாராவது ஒருவர் படித்துப் பார்க்கட்டும். அதில் ‘வார்காநெகாரா’ (குடிமகன்) என்று இல்லாத பிள்ளைகளின் பெற்றோரைத் தனியே கூப்பிட்டுப் பேசட்டும். மைக் வைத்துச் சொல்ல வேண்டாம். அது அவமானமாகிவிடும், அப்புறம் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்ப மாட்டார்கள்.

இனி அலமாரிக்கு வருகிறேன். இளைஞர்களுக்கு இது பழங்கதை போலத் தோன்றலாம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை என்ற பொருளே இந்த நாட்டுக்குள் வர நம் ஊர் ஒரு காரணம். அட்டை இல்லாதவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அந்த நாளில் அட்டை என்பது குடியிருப்பைச் சுற்றிய முள்கம்பி வேலிக்குள் போகவும் வரவும் வேண்டிய துண்டு. குடியுரிமை என்று தனியே ஒன்று உண்டு, அதற்குத் தனியே மனுப் போட வேண்டும் என்பது பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு விடியற்காலையில் ஓடிய சனத்துக்கு யார் சொன்னது? வேலை வாங்கிய மண்டோர் சொல்லவில்லை, கணக்கு எழுதிய கிராணி சொல்லவில்லை.

அந்த அறியாமையின் விலை 1969இல் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஆனது. இங்கேயே பிறந்து வளர்ந்து ரப்பர்ப் பால் வெட்டியவர்கள்கூட அயலாராகிப் போனார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். போக மனமில்லாமல் தங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பையோடு நிற்கிறவர்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு சட்ட நுணுக்கம், இந்த மடலில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மெர்டேக்காவுக்கு (1957 ஆகஸ்ட் 31 விடுதலைக்கு) முன் இந்த நாட்டில் பிறந்தவர் அரசியலமைப்பின் 16ஆவது விதியின் கீழ் குடிமகனாகப் பதிந்துகொள்ள ‘உரிமை உடையவர்’. விண்ணப்பத்துக்கு முந்தைய ஏழு ஆண்டில் மொத்தம் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணம் வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய்மொழியில் அடிப்படை அறிவு வேண்டும். நிபந்தனை இவ்வளவே. இங்கே பிறந்ததைக் காட்ட முடியாதவர் 19ஆவது விதிக்குத் தள்ளப்படுகிறார். அங்கே பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், மலாய்மொழியில் ‘போதுமான’ அறிவு வேண்டும், அத்தனையும் இருந்தாலும் அரசாங்கம் கொடுக்க‘லாம்’. ஒரே பாட்டி, ஒரே வாழ்க்கை. கையில் ஒரு பழைய காகிதம் இருந்தால் உரிமையோடு கேட்கிறாள். இல்லாவிட்டால் கருணை மனுப் போடுகிறாள். பாசார் மலாய் என்ற சந்தைப் பேச்சில் மீன் பேரம் பேசத் தெரிந்தவளுக்கு அந்த ‘அடிப்படை’க்கும் ‘போதுமான’துக்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்த நாட்டில் பிறந்தவர்கள் நிலை இன்னும் வலுவானது. அந்த ஐந்து ஆண்டுக் காலத்தில் மலாயா மண்ணில் பிறந்தாலே குடிமகன். அயல்நாட்டுத் தூதர் வீட்டுப் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. 1962 அக்டோபரிலிருந்துதான் பெற்றோர் நிலையைப் பார்க்கும் விதி வந்தது. நம் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிச் சிவப்பு அட்டையோடு இருப்பவர்களில் இந்த வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியவர்களே இல்லை; பிறந்ததை நிரூபித்தால் ஏற்கெனவே குடிமக்கள். நிரூபிப்பதுதான் பாடு. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்குப் பத்திரம் ஏது?

காகிதம் எங்கெங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் குடும்பத்தின் பெயர் இருக்கும். தோட்டம் கைமாறியபோது பெரும்பாலானவை எரிந்தோ கரையான் தின்றோ போய்விட்டன. தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பிரசவம் இருக்கும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் இருக்கும். பள்ளிகள் இடம் மாறியபோது இவை பெட்டியில் கட்டி ஓரமாக வைக்கப்பட்டன, பல இன்னும் கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. கோயிலில் திருமணப் பதிவேடு இருக்கும். 1982க்கு முந்தைய திருமணம் என்றால் அந்த ஒரு பக்கமே ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. தீமிதித் திருவிழாவுக்கு அச்சடித்த பழைய அழைப்பிதழ்கள் இருக்கும். அதில் எந்த நாள் உபயம் எந்தக் குடும்பம் என்று வருஷத்தோடு பெயர் போட்டிருப்பீர்கள். தனியாக நின்றால் அது பெரிய ஆதாரம் ஆகாது. ஆனால் பள்ளிப் பதிவேடு, இரண்டு முதியவர்களின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கும்போது, இந்தக் குடும்பம் இந்த மண்ணில்தான் இருந்தது என்பதற்குத் துணைச் சாட்சி ஆகும்.

நான் கேட்பது: அலமாரியைத் திறங்கள். கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். கேட்டு வருகிறவர்களுக்குத் தலைவர் கையெழுத்தும் கோயில் முத்திரையும் இட்டு நகல் கொடுங்கள். நன்கொடை ரசீது வெட்டினால்தான் கொடுப்போம் என்று சொல்லாதீர்கள். சொன்னவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். பழைய தலைவர் தோற்றுப்போனபோது புத்தகத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்றால், திருப்பிக் கேளுங்கள். சாமி நகையைக் கொண்டுபோனால் விடுவீர்களா?

நகல் கொடுக்கும்போது பெயரைத் திருத்தி எழுதிவிடாதீர்கள். நம் பாட்டிமார் பெயர் ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒன்றில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள், மூன்றாவதில் ஆங்கில எழுத்தில் ஓர் ‘எச்’ கூடியிருக்கும். கிராணி காதில் விழுந்தது, கிராணி கை எழுதியது. உதவி செய்கிறேன் என்று பழைய புத்தகத்தில் மை வைத்துத் திருத்தினால் மொத்தச் சாட்சியும் கெட்டுப்போகும். இருக்கிறபடியே நகலெடுங்கள், இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாணம் தனியாகச் செய்துகொள்ளலாம்.

மேல்முறையீடு செய்தால் ஆகாதா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியுரிமை பற்றி அரசாங்கம் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வு செய்யவோ முடியாது என்று அதே இரண்டாவது அட்டவணையின் மூன்றாம் பகுதி, இரண்டாம் பிரிவு சொல்கிறது. கருணையாகக் கேட்டது கிடைக்கவில்லை என்றால் திரும்ப விண்ணப்பிக்கலாம், திரும்பக் காத்திருக்கலாம். ‘நான் பிறப்பாலேயே குடிமகன், அதை அறிவியுங்கள்’ என்று கேட்கும் வழக்குகள் வேறு. அவற்றை நீதிமன்றங்கள் எடுத்து விசாரித்திருக்கின்றன, சிலர் வென்றும் இருக்கிறார்கள். அங்கேயும் நீதிபதி முதலில் கேட்பது காகிதம். நிராகரிப்புக் கடிதம் வந்தபிறகு ஐசி வாங்கித் தருகிறேன் என்று வருகிற தரகர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள் என்று பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியம்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2011இல் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிவதற்கான மைடஃப்தார் இயக்கம் நடந்தது. 2018இல், ஆட்சி மாறிய கையோடு, அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தருவதாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் அப்படிப்பட்ட வாய்ப்பு வரும் நாளில் யார் பெயர் பட்டியலில் ஏறுகிறது? கோப்பு முழுமையாக இருப்பவர் பெயர். நம் முதியவர்களில் பாதிப் பேரின் கோப்பு பாதியில் நிற்கிறது, மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் நம் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் சனம் தெருவுக்கு வந்தபோது, 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டத் தொழிலாளிகளின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். நான் கேட்பதற்கு அவ்வளவு பணமும் வேண்டாம், அவ்வளவு துணிச்சலும் வேண்டாம். ஒரு சாவி, ஒரு முத்திரை, சில சனிக்கிழமைகள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கோயிலும் இரண்டு தீர்மானங்களை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: மண்டபப் பதிவுப் பாரத்தில் திருமணப் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் போடுவது, பழைய பதிவேடுகளிலிருந்து இலவசமாக நகல் கொடுப்பது. கட்டம் காலியாக இருந்தால் அந்தக் குடும்பத்தை என்னிடமோ, இந்த வேலையைச் செய்யும் வேறு யாரிடமோ அனுப்புங்கள். துணைப் பதிவாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க முன்வரும் கோயிலுக்கு மலாய்க் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். பள்ளிப் பெட்டிகளின் கட்டை அவிழ்க்கத் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுத்தில் கேட்கட்டும். என்னோடு இரண்டு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தூசி தட்டத் தயாராக இருக்கிறார்கள். முகமூடியும் கையுறையும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
பாரம் நிரப்பும் அக்கா,
சுங்கை சிப்புட், பேராக்